நாயின் இருதயக் கணக்கு

வாயில்லாப் பிராணி என்று நாம் சொல்வது வைத்தியத்தில்தான் முழு அளவில் உண்மையாகிறது. மார்பு படபடக்கிறது என்று நாய் சொல்லாது. அது மூச்சிரைப்பதும், மாடிப்படி ஏறத் தயங்குவதும், இரவில் இருமுவதும் வீட்டார் கண்ணில் படுவதற்குள் இருதயம் பெரும்பாலும் வெகுவாகத் தளர்ந்திருக்கும். டாபர்மன் இனத்தில் இருதயத் தசை வலுவிழந்து அறைகள் விரிந்துபோகும் வியாதி மிகுதி. நேற்றுவரை ஓடி விளையாடிய நாய் இன்று திடீரென்று விழுந்து இறப்பதும் உண்டு.

உள்ளே நடப்பதை அறிவது எங்ஙனம்? 1628-ல் இரத்த ஓட்டத்தைப் பற்றி நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வி, உயிருள்ள பிராணிகளின் மார்பைத் திறந்து பார்த்தே உண்மையைக் கண்டார். அவற்றுள் நாய்களும் இருந்தன. திறவாமல் அறியும் வழி வெகு காலத்திற்குப் பின்னரே பிறந்தது. 1920-களின் மத்தியில், பாஸ்டன் நகரத்து வைத்தியர் ஹெர்மன் ப்ளூம்கார்ட் கதிரியக்கப் பொருளை ஒரு கையின் இரத்தக் குழாயில் செலுத்தி, அது மறு கையை அடைய எத்தனை வினாடி ஆகிறது என்று கணக்கிட்டார். 1950-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஹால் ஆங்கர் என்பவர் காமா காமிராவை அமைத்தார். இது ஒளியைப் படமெடுக்கும் காமிராவன்று. உடலுக்குள்ளிருந்து வரும் காமாக் கதிர்களை, இன்ன இடத்திலிருந்து இத்தனை என்று எண்ணும் கருவி.

நாய்க்கு முதலில் வெள்ளீய உப்பு கலந்த மருந்தை ஊசி வழியே ஏற்றுகிறார்கள். சுமார் அரை மணி கழித்து டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தினால், அது இரத்தத்தின் சிவப்பணுக்களில் பற்றிக்கொள்கிறது. அதன் பின்னர் இரத்தம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் காமிராவுக்குப் புலப்படும்.

இனி வருவது வெறும் எண்ணிக்கை. எண்ணிக்கை என்றால் ரயில்வே குமாஸ்தாவான எனக்குக் கொஞ்சம் உற்சாகம் பிறக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். வண்டி வருமுன் பிரயாணிகள் கூடத்தில் 100 பேர். வண்டி போன பின்னர் 40 பேர். ஏறிப் போனவர் நூற்றுக்கு 60. இப்போது, ஜன்னல் வழியே கூடத்தில் பாதி மட்டுமே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னே 50, பின்னே 20 என்று எண்ணுவோம். விகிதமோ அதே 60. இருதயத்தின் இடது கீழறையிலும் இப்படியே விரிந்த நிலையில் ஓர் எண்ணிக்கை, சுருங்கிய நிலையில் ஓர் எண்ணிக்கை எடுக்கிறார்கள். அறையின் வடிவத்தையோ கொள்ளளவையோ தெரிந்திருக்க வேண்டுவதில்லை என்பதே இம்முறையின் பெரும் சிறப்பு.

ஆயினும் வழியனுப்ப வந்தவர்களைக் கழிக்காவிட்டால் கணக்குப் பிழைக்கும். பிளாட்பாரம் டிக்கெட்டோடு வந்த 10 பேர் இரண்டு எண்ணிக்கையிலும் சேர்ந்துவிட்டால் 110-ம் 50-ம் ஆகி, விகிதம் 60-லிருந்து 55-க்கு இறங்கிவிடும். நாயின் மார்பிலும் நுரையீரல், மார்புச் சுவர் ஆகியவற்றிலுள்ள இரத்தம் இப்படித்தான் ஊடே வந்து சேர்கிறது. அதனை அறைக்குப் பக்கத்திலேயே தனியே எண்ணிக் கழித்துவிடுகிறார்கள்.

மற்றொரு தடை உண்டு. ஒரு துடிப்பு வெகு விரைவில் முடிந்துவிடுவதால் அதற்குள் கிடைக்கும் எண்ணிக்கை சொற்பம். எனவே ஈ.ஸி.ஜி.யின் உயர்ந்த அலையை ஸ்டேஷன் மணியைப் போல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்பையும் 16 அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளாக்கி, நூற்றுக்கணக்கான துடிப்புகளின் முதற்பகுதிகளையெல்லாம் ஒன்றாகவும் இரண்டாம் பகுதிகளையெல்லாம் ஒன்றாகவும் கம்ப்யூட்டர் கூட்டுகிறது. நாய்களிடம் ஒரு தொல்லை: மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைந்தும் விடும்போது தாமதித்தும் நடப்பது அவற்றிற்கு இயல்பு. நேரம் தவறிய துடிப்புகளைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அசையாதிருக்க மயக்க மருந்து கொடுத்தாலோ, அம்மருந்தே இருதயத்தின் வேகத்தை மாற்றிவிடக்கூடும். ஒவ்வொரு தடவையும் ஒரே மருந்தைக் கொடுத்தால்தான் இரண்டு சோதனைகளை ஒப்பிடுவதில் பொருளுண்டு.

இவ்வளவு பாடு எதற்கு? நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் லிம்போமா என்னும் புற்றுநோய் நாய்களிடம் அடிக்கடி காணப்படுவது. அதற்கு டாக்ஸோரூபிசின் நல்ல மருந்து. ஆனால் அம்மருந்தே இருதயத் தசையை அழிக்கவும் வல்லது. மொத்த அளவு கூடக் கூடச் சேதமும் கூடும். அழிந்த தசை மீண்டும் வளராது. ஆகவே மருந்து தொடங்குமுன் ஓர் அளவும், இடையிடையே அளவுகளும் எடுப்பதில் பயனுண்டு. உதாரணமாக 58 என்றிருந்தது 56 ஆனால் அது அளவையின் ஏற்றத்தாழ்வாகவே இருக்கலாம். 44 ஆகிவிட்டாலோ மருந்தை நிறுத்துவதா என்ற கேள்வி எழும். நிறுத்தினால் புற்று வளரும், தொடர்ந்தால் இருதயம் நிற்கும். நாயைப் பிள்ளைபோல் வளர்த்தவர் வைத்தியரெதிரே அமர்ந்து முடிவு சொல்ல வேண்டிய நேரம் அது. அப்போது கையில் ஓர் எண் இருப்பது பெரிய உதவி.

எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. வயதான சிறு நாய்களிடம் மிகுதியாகக் காணும் இருதய வியாதி, இடது பக்கத்து வால்வு தேய்ந்து கசிவது. அப்போது சுருங்கும் அறையிலிருந்து இரத்தத்தின் ஒரு பகுதி உடலுக்குச் செல்லாமல் பின்புறமாக மேலறைக்கே திரும்பிவிடுகிறது. காமிராவோ அறையை விட்டுப் போனதை மட்டுமே எண்ணும். எந்த வாசல் வழியே போயிற்று என்று கேளாது. ஆகையால் நோய் முற்றிய நாய்க்கும் 65, 70 என்று அழகான எண் வந்து நிற்கும். ஒலியலைகளைக் கொண்டு பார்க்கும் எக்கோ முறையில் அந்தக் கசிவு கண்ணுக்கே தெரிகிறது. ஊசியும் கதிரியக்கமும் வேண்டாத அம்முறையே இன்று எங்கும் பெருவழக்காகிவிட்டது. காமா காமிரா வைத்திருக்கும் மிருக வைத்தியசாலைகள் சிலவே.

அங்கே சோதனை முடிந்த நாயை உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. டெக்னீஷியத்தின் கதிரியக்கம் 6 மணிக்கு ஒரு முறை பாதியாகும். 24 மணி கழிந்தால் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். அதுவரை அது தனிக் கூண்டில் இருக்கிறது. அதன் மூத்திரத்தையும் விரிப்பையும் வேறாக ஒதுக்கிவைக்கிறார்கள். மறுநாள் கருவியால் அளந்து பார்த்த பிறகே சொந்தக்காரரிடம் ஒப்படைக்கிறார்கள்.