டென்மார்க்கில் தோசை மாவு

டென்மார்க்கிலும் ஒரு பனியன் ஊர் உண்டு. ஜட்லாந்துப் பகுதியில் ஹெர்னிங், பக்கத்தில் இக்காஸ்ட். வெறும் புதர்க்காடாய்க் கிடந்த பூமி. குளிர்கால ராத்திரியில் விவசாயக் குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடி, ஒரே விளக்கைச் சுற்றி உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னினார்கள். விளக்குச் செலவு மிச்சம்! அதுவே பிறகு ஃபேக்டரித் தொழிலாச்சு. 1990-களில் தையல் வேலையெல்லாம் போலந்து போன்ற நாடுகளுக்குப் போய்விட்டது.

1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாகப் போன ஈழத்தமிழர் பலர் குடியேறியதும் ஜட்லாந்தில்தான். ஹெர்னிங்கில் சித்தி விநாயகருக்கும், பிராண்டேயில் அபிராமிக்கும் கோயில் இருக்கிறது.

டிசம்பரில் அங்கே பகல் 7 மணி நேரம்தான். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போதே இருட்டு கட்டிவிடும். அந்த நேரம் சூடாக ஒரு தோசை கொடுக்கலாம் என்றால் மாவு புளிக்காது. ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ளும் சுமார் 20 டிகிரிதான். புளிக்க வைக்கிற பாக்டீரியாவுக்கோ 30 டிகிரி கிட்ட வேணும். அது விடுகிற கரியமில வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்தால்தான் மாவு பொங்கும். டையிங்கில் டெம்பரேச்சர் தவறினால் ஷேடு மாறுகிற கதைதான்.

வெளிநாடு போகிற சீனியர்கள் குறித்துக்கொள்ளவும்: வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாத்திரத்தை அவனுக்குள் வைத்து, அதன் பல்பை மட்டும் போட்டு விடுங்கள். அந்தச் சின்னச் சூடே போதும்.

டேனிஷ்காரர் வீட்டில் அப்போது பாலில் அரிசியைக் குழைய வேகவைத்து, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவி, நடுவில் வெண்ணெய்க் கட்டி வைப்பார்கள். பட்டைக்குப் பதில் ஏலக்காய் போட்டால் நம்ம அப்பத்தா வைக்கிற பால் பொங்கலேதான்!