மேலேயிருந்து பார்த்தால் காடு சிவப்பு!

திருப்பதி மாவட்டம் பாகாலா மண்டலத்தில் காதங்கி என்றொரு ஊர். அங்கே வளிமண்டல ரேடார் ஒன்றின் 1024 ஆண்டெனாக்கள் வரிசைகட்டி நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. இதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2025 ஜூலை 30-ல் ஏறிப்போன நைசார் செயற்கைக்கோள், 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி பூமியைக் குனிந்து பார்க்கிறது. அண்ணாந்து ஒன்று, குனிந்து ஒன்று, இரண்டும் நம்ம மாவட்டம்! நினைத்தாலே துள்ளுகிறது மனசு.

ஒளியைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்களின் கண்ணுக்குக் காடு எப்படித் தெரியும்? செக்கச்செவேல் என்று! இலை தன் சமையலுக்குச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பை வெளியே வீசிவிடும். அதைக் கணினி சிவப்பாகத் தீட்டுகிறது. மழைக்காட்டின் மேல் மாதக்கணக்கில் மேகம் மூடினால்? நைசாரின் 24 சென்டிமீட்டர் ரேடார் அலை மேகத்தை ஊடுருவி இறங்கி, இலைகளுக்கு அடியில் கிளையையும் அடிமரத்தையும் தொட்டுத் திரும்புகிறது. ஆகா!

அடுத்தது கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு கிலோமீட்டர் சதுரக் காடு, 100 ஹெக்டேர். வெயிலும் காற்றும் விளிம்பிலிருந்து 100 மீட்டர் உள்ளே வரும் என்று வையுங்கள். நடுக்காடு 64 ஹெக்டேர்தான். குறுக்கே ஒரு குறுகலான சாலை போடுங்கள். வெட்டிய மரம் கொஞ்சம். ஆனால் நடுக்காடு 48 ஆகிவிடும்! காடு துண்டுபடுவது என்பது இதுதான்.

இனி, அப்படித் துண்டுபட்ட காட்டைப் பார்க்கத் தமிழ்நாட்டின் வால்பாறைக்குப் போவோம். 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே நாற்பதுக்கு மேல் மழைக்காட்டுத் துண்டுகள். ஆனைமலைக் காடர் பழங்குடிகளின் பூர்வீக மண். செயற்கைக்கோள் படத்தில் தேயிலை விரித்த ஜமக்காளம். மழைக்காடு பூக்கோசு போல முண்டும் முடிச்சும் நிழலும். பிரித்துவிடலாம். மாட்டிக்கொள்வது காப்பித் தோட்டத்தில்! நிழல் மரங்களின் தலைகள் சேர்ந்து காடு மாதிரியே காட்டிவிடும். இந்திய வன அளவை நிறுவனத்தின் இலக்கணமும் அப்படித்தான்: ஒரு ஹெக்டேர் இருந்து, அதில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தால், தோட்டமானாலும் வனப்பரப்பில் சேரும்.

அதனால்தான் தரையில் நடக்கிறவர்கள் வேண்டும். அவர்களில் முதல் ஆள் அந்த மண்ணின் பழங்குடியாக இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். நைசார் புறப்பட்ட தீவே, ராக்கெட் தளம் வருமுன் யானாதிப் பழங்குடிகளின் காடுதானே! மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து வாழச்சாலில் 2014-ல் காடர்கள் சமூக வன உரிமை பெற்றார்கள். அங்கே இருவாச்சி கூடு வைக்கும் மரப்பொந்துகளைக் கண்காணிப்பதும் அவர்களே. எந்த மரம், எந்தப் பொந்து, எப்போது குஞ்சு வெளியே வரும், எல்லாம் அத்துப்படி. பெரிய கொட்டைப் பழங்களை விழுங்கிவிட்டு அந்தப் பறவை அடுத்த காட்டுக்கு, விர்ரென்ற சிறகொலியோடு, தேயிலையைத் தாண்டிப் பறந்து போகிறதே, அந்தப் பாதை இன்னும் எந்தச் சிவப்புப் படத்திலும் விழவில்லை.