கிணற்றைக் காட்டுங்கள்

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியிலிருந்து கற்பிட்டிக்குப் படகேறியபோது எனக்கு வயது பத்து. உம்மா காணி உறுதியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார். புத்தளத்து மக்கள் சோறும் இடமும் தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

2009இல் போர் முடிந்து, சில ஆண்டுகளில் மன்னார் திரும்பினோம். வீட்டுக்குக் கூரையில்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. உறுதி இருந்ததால் எல்லையைக் காட்ட முடிந்தது. ஆனால், புத்தளத்தில் பிறந்த என் பிள்ளைகள், “இதுவா நம் ஊர்?” என்று கேட்டார்கள். குற்றம் என்னுடையது, சொல்லி வளர்க்கவில்லை.

பிள்ளைகளோடு சேர்ந்தே கிணற்றைத் தூர் வாரினேன். இன்று அவர்கள் அதை “எங்கள் கிணறு” என்கிறார்கள். சகோதரிகளே, உறுதியைப் பத்திரப்படுத்துங்கள். ஊரைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.