பழைய டீசல் யந்திரமும் பொதுப் பணமும்

சாலை போடுமிடத்தில் மண் வாரும் யந்திரத்தை நின்று பாராதவர் நம்மில் யாருமிலர். பொக்லைன் என்றும் ஜேசிபி என்றும் நம்மவர் பெயரிட்டு வழங்கும் அவ்வியந்திரத்தின் இரும்புக் கையைக் கண்டு வியப்போரே பலர்; அதன் புகைக்குழாயை நோக்குவோர் சிலர். அக்குழாயைப் பற்றியே இங்குச் சில கூறப் புகுந்தோம். அமெரிக்காவில் அரசாங்கத்தாரும், நார்வே தேசத்தில் ஒரு நகரசபையாரும் அதன் பொருட்டுச் செய்துள்ள ஏற்பாடுகள் நம் மாணவர் அறியத்தக்கவை.

டீசல் எஞ்சினின் குற்றம் அதன் நற்குணத்தை ஒட்டியே வருவதாகும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்துவது மின்பொறி. ருடால்ப் டீசல் என்பார் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலோ பொறி கிடையாது. சிலிண்டரிலுள்ள காற்று வெகுவாக அழுத்தப்பட்டு உஷ்ணமடைய, அவ்வுஷ்ணத்தில், உள்ளே பீச்சப்படும் எண்ணெய் தானே தீப்பற்றுகின்றது. அத்துணை அழுத்தத்தையும் தாங்க வேண்டி அதன் உறுப்புகள் கனமாக வார்க்கப்படுகின்றன. ஆகவே அது எளிதில் சாவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தபின்னும், தேய்ந்த உறுப்புகளை மாற்றினால் மீண்டும் வேலைக்குச் சித்தமாகிவிடும். விவசாயிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இது பெரும் லாபம். அதனருகே மூச்சு விடுபவருக்கு அப்படியன்று.

பீச்சப்பட்ட எண்ணெய் காற்றுடன் முற்றும் கலவாத இடங்களில் அரைகுறையாக எரிந்து கரித்துகளாகின்றது. அத்துகள்கள் மயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கிற்கும் குறைந்தவை. மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் ஆழம் வரை செல்லவல்லவை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2012இல் தீர்மானித்தனர். யந்திரத்தை ஓட்டுபவரும், அதனருகே மண்வெட்டியுடன் நிற்கும் கூலியாட்களுமே இப்புகையை முதலில் உட்கொள்ளுகின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகைய யந்திரங்களின் புகைக்கு அளவு விதித்த முதற்சட்டம் 1994இல் பிறந்து 1996 முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. 2004இல் வகுத்த விதிகள் மிகவும் கடுமையானவை. கந்தகம் புகையைத் தூய்மை செய்யும் கருவிகளைக் கெடுக்குமாதலால், 2010 முதல் இவ்வியந்திரங்களுக்கு விற்கும் டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்குக்கு மேல் கந்தகம் இருத்தலாகாது என்றும் ஏற்பட்டது. அதன் பயனாக, புதிய எஞ்சின்களிற் பலவற்றில் தேன்கூடு போன்ற வடிகட்டி பொருத்தப்படுகின்றது. அதில் ஒரு கண்ணின் முன்வாயும் அடுத்த கண்ணின் பின்வாயும் அடைபட்டிருத்தலால், புகை சுவரை ஊடுருவியே வெளியேற வேண்டும். கரி உள்ளே தங்கும். தங்கியதை அவ்வப்போது உஷ்ணத்தை ஏற்றி எரித்துவிடுவர்.

பழைய எஞ்சினிலும் இதைப் பொருத்தலாகாதோ எனின், சிலவற்றிற் பொருத்தியும் இருக்கின்றனர். ஆயின் மிகப் பழையவை கக்கும் கரியால் வடிகட்டி விரைவில் அடைபடும். ஓட்டுபவரின் பார்வையை அப்பெட்டி மறைப்பதும் உண்டு. புதிய எஞ்சினுக்கு எத்துணைச் சட்டம் இயற்றினும், சாகாத பழைய எஞ்சின் சட்டத்துக்கு வெளியே புகைத்துக்கொண்டே நிற்கும். இவ்விடத்திலேதான் பொதுப் பணம் வந்து புகுகின்றது.

கலிபோர்னியா மாகாணத்தார் கார்ல் மாயர் என்பாரின் நினைவாக 1998இல் ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கினர். சட்டம் வற்புறுத்துமுன்னரே பழைய எஞ்சினை மாற்றுவோருக்குச் செலவில் ஒரு பகுதி அதிலிருந்து கிடைக்கும். சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கிய காரியத்துக்குக் காசு இல்லை. 2005இல் மத்திய அரசாங்கத்தாரும் ஒரு சட்டம் இயற்றி, மாகாணங்கள், நகரசபைகள், துறைமுகங்கள், பள்ளி நிர்வாகங்கள் முதலியவற்றுக்கு இதே நோக்கத்துடன் உதவலாயினர். 2022–2023க்கான அவர்தம் விதிகளின்படி, புதிய டீசல் யந்திரம் வாங்கினால் விலையில் நூற்றுக்கு 25 வரையிலும், புகையே இல்லாத யந்திரம் வாங்கினால் 45 வரையிலும் உதவி உண்டு. பழையது உண்மையாகவே உழைத்துவந்தது என்பதற்குக் கணக்கும் காட்ட வேண்டும். மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதைக் கொணர்ந்து காசு கேட்க முடியாது.

இத்திட்டத்தில் நம்மை மிகவும் கவர்ந்தது ஒரு துளையே. உதவி பெறுபவர் 90 நாட்களுக்குள் பழைய எஞ்சினின் வார்ப்புடலில் 3 அங்குல நீளமும் 3 அங்குல அகலமுமுள்ள துளை இட்டு, அடிச்சட்டத்தையும் அறுத்துப் பயனற்றதாக்கி, புகைப்படத்துடன் சான்று அனுப்ப வேண்டும். ஓடக்கூடிய யந்திரத்தைக் கெடுப்பது வீண் செலவன்றோ என்று நாமும் முதலில் எண்ணினோம். சற்று ஆலோசித்தால் நியாயம் விளங்கும். அதை விற்றுவிட்டால் அடுத்த ஊரில் ஒருவர் மலிவாக வாங்கி ஓட்டுவார். புகை ஊர் மாறுமேயன்றிக் குறையாது. குடிகளின் வரிப்பணமோ செலவழிந்துவிடும். ஆனால் அந்த மலிவு யந்திரத்தையே நம்பிப் பிழைக்கும் சிறு ஒப்பந்தக்காரரின் கஷ்டத்தை மறத்தலாகாது. கலிபோர்னியாவில் 2007இல் தோன்றிய விதிகள், பல யந்திரங்களை உடைய பெருநிறுவனங்களுக்கு 2014 முதலும், நடுத்தரத்தாருக்கு 2017 முதலும், சிறியோருக்கு 2019 முதலும் கெடு வைத்தன. அவ்வரிசை நியாயமானதே என்பது நமது கருத்து.

நார்வேயின் தலைநகராகிய ஆஸ்லோவில் நகரசபையார் வேறு வழியை மேற்கொண்டனர். வேலை கொடுப்பவர் தாமே யாதலால், எந்த யந்திரம் கொண்டு வேலை செய்ய வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதலாயினர். 2019இல் ஐந்தாம் ஓலாவ் மன்னர் பெயரால் வழங்கும் தெருவைச் சீரமைத்தபோது மண் தோண்டும் யந்திரங்கள் மின்சாரத்தால் இயங்கின. அக்காலத்தில் பெரிய மின் யந்திரங்கள் தொழிற்சாலையிலிருந்து நேரே கிடைத்தல் அரிதாயிருந்தமையால், டீசல் எஞ்சினைக் கழற்றி அவ்விடத்தில் மின்கலங்களை வைத்து ஆக்கியவையும் நார்வேயில் வழங்கின. புகை இல்லாமையோடு இரைச்சலும் பெரிதும் குறைந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொட்டு, நகரசபையின் கட்டட வேலைகள் யாவும் புகையின்றி நடைபெற வேண்டும் என்பது அவர்கள் கொண்ட விதி. தவிர்க்கவியலாத சில வேலைகளுக்கு விலக்கும் உண்டு.

ஆயினும் ஒப்பந்த விதியானது வேலைத்தலத்துள் நுழைவதை ஆளுகின்றதே யன்றி, வெளியே தள்ளப்பட்ட பழைய யந்திரம் எங்கே செல்லும் என்பதை ஆளுவதில்லை. அதற்குத் துளையே வேண்டும். துளையையும் ஒப்பந்தத்தையும் ஒருங்கே கைக்கொள்ள விரும்பும் நகரசபை, மின்கலங்களை நிரப்பத்தக்க மின்சாரம் வேலைத்தலத்துக்கு வந்து சேருமா என்பதையும் முன்னரே கவனித்து, முதல் மண்ணை வெட்டுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மின்சார இலாகாவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.