பெட்டி வந்த காலம்

தீபாவளிக்கு மதுரையிலும் நெல்லையிலும் வெளியான படம் தென்காசிப் பக்கத்துக் கிராமத்துக் கொட்டகைக்கு வந்து சேரப் பங்குனி, சித்திரை ஆகிவிடும். சில படங்கள் அடுத்த தீபாவளியையும் தாண்டி வரும். அதற்குள் கதை முழுக்க ஊருக்குத் தெரிந்திருக்கும். நெல்லைக்குத் துணியெடுக்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் வசனத்தோடு சொல்லியிருப்பார்கள். பாட்டெல்லாம் இலங்கை வானொலி புண்ணியத்தில் மனப்பாடம் ஆகியிருக்கும். கடைசியில் யார் சாகிறார்கள் என்று தெரிந்துகொண்டே போய், அந்த இடம் வந்ததும் கொட்டகையே அழும்.

இன்று அதே ஊர்க்காரர், சென்னைக்காரர் பார்க்கும் அதே வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து டவுன் தியேட்டரில் புதுப்படம் பார்த்துவிடுகிறார். தொலைவால் வந்த தாமதம் ஒழிந்துவிட்டது. நியாயமாக இது சின்ன ஊருக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் அந்தத் தாமதம் போனபோதே சின்ன ஊர்த் தியேட்டரின் பிழைப்பும் போனது என்பதைப் பழைய தியேட்டர்களைத் தேடிப் போகப் போகத்தான் புரிந்துகொண்டேன்.

பிலிம் காலத்தில் ஒரு படத்துக்குப் பிரதி போடுவது பெருஞ்செலவு. திரையில் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி பிலிம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. நான்கு கிலோமீட்டருக்கும் மேல். ஆயிரம் அடி கொண்ட ஒரு சுருள் பதினோரு நிமிடம்தான் வரும். இப்படிப் பதினான்கு, பதினைந்து சுருள் சேர்ந்தால் ஒரு பிரதி. அதனால் எல்லா ஊருக்கும் தனித்தனிப் பிரதி என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற சில பிரதிகள் முதலில் பெரிய நகரங்களில் ஓடும். பிறகு தாலுகா ஊர்கள். கடைசியில் டூரிங் டாக்கீஸ். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று வியாபாரத்தில் சொல்வது இந்த வரிசையைத்தான். தகரப் பெட்டிகளில் பஸ் கூரை மேல் ஏறிப் படம் ஊர் ஊராக இறங்கி வரும். சில சமயம் ஒரே பிரதியை இரண்டு ஊர்த் தியேட்டர்கள் பகிர்ந்துகொள்ளும். இங்கே ஓடி முடிந்த சுருளை எடுத்துக்கொண்டு ஒருவர் சைக்கிளில் அங்கே பறப்பார். அவர் சைக்கிள் பஞ்சரானால் அந்த ஊரில் இடைவேளை நீண்டுவிடும்.

கிராமத்துக்கு வரும்போது பிரதி நைந்திருக்கும். கீறல் விழுந்து திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும். "படத்துல மழை பெய்யுது" என்பார்கள். ஒட்டிய இடத்தில் வசனம் பாதியில் தாவும். மக்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை. விட்டுப்போன வசனத்தைத் தரையில் உட்கார்ந்திருப்பவர்களே சொல்லி நிரப்பிவிடுவார்கள்.

படம் ஊர் ஊராக அலைந்தது பிற்காலப் பழக்கம் அல்ல. தமிழ்நாட்டில் சினிமா தொடங்கியதே அப்படித்தான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அலைந்து திரிந்தபின் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். பிற்காலத்தில் அது டிலைட் தியேட்டராகி, பிறகு படம் ஓடுவதும் நின்றுபோனது. அந்தச் சாலைக்கு மட்டும் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர்.

அவர் விட்ட இடத்திலிருந்து டூரிங் டாக்கீஸ்கள் அறுபது, எழுபது ஆண்டுகள் ஓடின. கீற்றுக் கூரை, நடுவில் கம்பங்கள், பக்கவாட்டில் தட்டி. உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கே. இருட்டினால்தான் படம் தெரியும் என்பதால் மாலைக் காட்சி, இரவுக் காட்சி இரண்டுதான். தரை, பெஞ்ச், சேர் என்று மூன்று வகுப்பு. தரையில் ஆற்றுமணல். ஆண் பக்கத்துக்கும் பெண் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறதென்று சிறுவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி ஏறி உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் இன்னும் உயரமாகக் குவிப்பார்கள். கூரை மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான் ஊருக்குக் கடிகாரம். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டதும் பெண்கள் சோற்றை வடித்து இறக்குவார்கள். வழக்கமான கடைசிப் பாட்டு வந்துவிட்டால் வயல் வரப்பில் ஓட்டம்தான். படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷனின் நியூஸ் ரீல் போட்டாக வேண்டும் என்பது அரசு விதி. அணை, வெள்ளம், பிரதமர் பயணம் என்று ஓடுகிற அந்தச் சில நிமிடம், பிந்தி வருகிறவர்களுக்குக் கிடைத்த அவகாசம்.

இதையெல்லாம் இனிப்பாக மட்டும் சொல்லிவிட முடியாது. கீற்றுக் கொட்டகைகள் தீக்கு இரையாயின. 1979-இல் தூத்துக்குடியில் அப்படி எரிந்த ஒரு கொட்டகையில் ஏராளமானோர் கருகிச் செத்தார்கள். தியேட்டரை அண்டிப் பிழைத்த சிறுவர்களின் வாழ்க்கை எவ்வளவு கடுமையானது என்பதைப் பெருமாள்முருகன் 'நிழல் முற்றம்' நாவலில் எழுதியிருக்கிறார். சோடா விற்று, முறுக்கு விற்று, திரைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் பையன்கள் அதில் வருகிறார்கள். அவர் தந்தை தியேட்டரில் சோடாக்கடை நடத்தியவர். பழைய தியேட்டரைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் அந்த நாவலைப் படிக்கச் சொல்வேன்.

ஆனாலும் அந்தத் தரை டிக்கெட் செய்த காரியம் பெரியது. தமிழர்களுக்கிடையே எல்லாச் சாதியாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். எங்கே உட்காருவது என்பதைக் கொடுத்த காசு தீர்மானித்ததே தவிர, பிறப்பு தீர்மானிக்கவில்லை. கோயில் வாசலோடும் டீக்கடைத் தனிக்குவளையோடும் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். கூலி வேலைக்குப் போகிறவரும் அன்றைய கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து உள்ளே வர முடிந்தது. இன்று நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் டிக்கெட், பாப்கார்ன், வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் கொடுத்து வெளியே வரும்போது அவருடைய ஒரு நாள் கூலி போதாது. குளிரூட்டியும் சாய்வு இருக்கையும் வந்தது நல்லதுதான். தரை டிக்கெட்டுக்குரிய ஆட்களுக்கு இடமில்லாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் ஒரு சிற்றூரில் மூடிக்கிடக்கும் தியேட்டருக்குப் போனேன். முன்வாசலில் இப்போது சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறது. பால்கனிக்குப் போகும் படியில் மூங்கில் சாரம். ஆபரேட்டராக இருந்தவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். "அண்ணாச்சி, கேபினைப் பாக்கலாமா?" என்றதும் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கேபினுக்குள் இரண்டு போட்டோபோன் புரொஜெக்டர்கள் பழைய போர்வை போர்த்தி நிற்கின்றன. போர்வையை விலக்கி, விளக்குக்கூட்டின் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே எதிரெதிராக இரண்டு கார்பன் குச்சிகள். இரண்டுக்கும் நடுவில் எழும் சுடர்தான் திரை வெளிச்சம்.

"குச்சி தேயத் தேய ரெண்டையும் கிட்டக் கொண்டாரணும் தம்பி. கொஞ்சம் அசந்தா ஸ்க்ரீன் மங்கிரும். கீழருந்து விசில் பறக்கும். படம் முழுக்க ஒரு கண்ணு இதுல, ஒரு கண்ணு ஸ்க்ரீன்ல."

சுருள் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண்சிமிட்டும். உடனே இரண்டாம் இயந்திரத்தின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு விநாடியில் மறுபடி ஒரு புள்ளி. அந்தக் கணத்தில் இங்கே மூடி அங்கே திறக்க வேண்டும். சரியாகச் செய்தால், அந்த வேலை நடந்ததே கீழே ஒருவருக்கும் தெரியாது. பார்வையாளர் கண்ணில் படாமல் இருப்பதே ஆபரேட்டரின் திறமை. பிலிம் அறுந்தால் பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, சிமெண்ட் தடவி, விரலால் அழுத்திப் பிடித்து ஒட்டுவார்கள். ஒட்டும் விதத்தை வெறுங்கையால் காற்றில் செய்து காட்டினார். விரல்கள் தயங்கவே இல்லை. மின் ஆய்வுத் துறையில் தேர்வு எழுதி வாங்கிய ஆபரேட்டர் உரிமத்தைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அட்டை பிய்ந்த ஒரு நோட்டை எடுத்தார். ஓடிய படம், தேதி, காட்சிவாரியாக விற்ற டிக்கெட், வசூல் எல்லாம் கைப்பட எழுதியது. புரட்டிக்கொண்டே வந்தேன். 'நாடோடி மன்னன்' ஒரு பொங்கலுக்கு வந்திருக்கிறது. சில பக்கம் தள்ளி, அறுவடை முடிந்த மாதத்தில் மறுபடி. கொடை விழாவுக்கு மறுபடி. 1958-இல் வெளியான படம் அது. வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகும் இந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. புதுப்படம் கைக்குக் கிடைக்காத வாரத்தில் எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ போட்டால் மின்கட்டணமும் சம்பளமும் தேறிவிடும் என்றார் அண்ணாச்சி.

சின்ன ஊர்த் தியேட்டரின் பொருளாதாரம் அந்த நோட்டில் இருக்கிறது. படத்துக்கு ஆயுள் நீளம். நகரத்தில் நூறு நாள் ஓடி ஓய்ந்தபின் கிராமத்தில் புதிதாகப் பிறக்கும். பின்னால் வருவதால் வாடகையும் குறைவு. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தும் குறைவு. கடைசியில் இருந்தவனுக்குக் கடைசியில் இருந்ததே பாதுகாப்பு.

வீழ்ச்சிக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி, பிறகு வீடியோ கேசட், 1993-இல் சன் டிவி, கேபிள், 2006-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி. பழைய படம் வீட்டுக்கே வந்துவிட்டதால் 'நாடோடி மன்னன்' போட்டுப் பிழைக்கும் வழி அடைபட்டது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்து, 2,563 இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய மதுரை தங்கம் தியேட்டரே தாக்குப்பிடிக்கவில்லை. அந்த இடத்தில் இன்று பெரிய ஜவுளிக்கடை.

பிறகு டிஜிட்டல் வந்தது. பிரதிச் செலவு விழுந்ததால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாகிறது. பெட்டி வேண்டாம், ஹார்டு டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ படம் வந்துவிடும். பூட்டிய படத்தைத் திறக்க மின்னஞ்சலில் 'கீ' வர வேண்டும். படம் எந்தத் தியேட்டரில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓடலாம் என்பதெல்லாம் அந்தக் 'கீ'க்குள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். அன்று மழையில் பஸ் நின்றுபோனால் "பெட்டி வரல" என்று காட்சி தள்ளிப்போகும். இன்று தயாரிப்பாளரின் கடன் தீராவிட்டால் "கீ வரல" என்று காலைக் காட்சி ரத்தாகிறது. டிஜிட்டல் கருவிக்கான கட்டணத்தை யார் கொடுப்பது என்ற தகராறில் 2018 மார்ச்சில் தொடங்கி ஒன்றரை மாதம் புதிய தமிழ்ப் படமே வெளியாகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்துகொண்டதைக் கண்டித்துத் தியேட்டர்கள் மூடின. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடியவை நவம்பரில்தான் திறந்தன. சில திறக்கவே இல்லை.

பிழைத்திருக்கும் சின்ன ஊர்த் தியேட்டர்கள் பெரும்பாலும் ஒரே அரங்கை இரண்டாகத் தடுத்து, குளிரூட்டி, நல்ல ஒலிக்கருவி வைத்தவை. அவற்றை நடத்துபவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் படத்தின் ஆயுள் சுருங்கிவிட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் பத்துப் பேர். நான்கு வாரத்தில் படம் கைப்பேசியில் வந்துவிடும் என்று தெரிந்தவர்கள் ஏன் வருவார்கள்? எல்லா ஊருக்கும் ஒரே நாளில் படம் வருகிறது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் போயும் விடுகிறது. முதல் மூன்று நாளில் அரங்கை நிரப்பக்கூடிய நட்சத்திரங்களின் படம் மட்டுமே தியேட்டருக்குச் சோறு போடுகிறது. மெல்ல மெல்ல வாய்ப்பேச்சில் ஏறிவரும் சிறிய படத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

பழைய முறைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு இரண்டு சாட்சி சொல்வேன். 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது கூட்டம் அலைமோதியது. 2024 ஏப்ரலில் 'கில்லி' திரும்ப வந்தபோது, அது முதலில் வெளியான காலத்தில் பிறக்காத பிள்ளைகள்கூட எழுந்து நின்று ஆடினார்கள். கதை தெரிந்த படத்தைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கும் ஆசை நம் மக்களிடம் போகவில்லை. மாதத்தில் ஒரு வாரம் குறைந்த கட்டணத்தில் பழைய படம் போடச் சின்ன ஊர்த் தியேட்டர்களுக்கு வரிச்சலுகையும் உரிமைகளை எளிதாகப் பெறும் வழியும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றும் உடனே செய்ய வேண்டும். பழைய பாட்டுப் புத்தகங்களையும் சினிமா நோட்டீஸ்களையும் சென்னை ரோஜா முத்தையா நூலகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. தியேட்டர் வசூல் நோட்டுகளை அப்படி யாரும் கேட்டு வந்ததாக நான் போன ஊர்களில் ஒருவரும் சொல்லவில்லை. கட்டடத்தை இடிக்கும்போது அவை எடைக்குப் போகின்றன. எந்தப் படத்துக்கு எந்த ஊரில் தரை டிக்கெட் நிறைந்தது, எந்த மாதம் பெண்கள் அதிகம் வந்தார்கள் என்பதற்கெல்லாம் வேறு ஆதாரம் கிடையாது. அண்ணாச்சியிடம் இருந்த நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், கேபின் மேசை இழுப்பறையை முதலில் திறந்து பாருங்கள்.