பெந்தாமும் மில்லும் என் மூணு மணி நேரமும்

போன வாரம் ஒரு பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மாணவர் மையத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்ளே தொப்பியும் கைத்தடியுமாக உட்கார்ந்திருக்கிறார். ஆள் செத்து 190 வருஷத்துக்கு மேல ஆச்சு! சட்டைக்குள்ளே இருப்பது நிஜ எலும்புக்கூடு, சுற்றி வைக்கோல். தலை மட்டும் மெழுகு. என் உடம்பை இப்படித்தான் வைக்கணும்னு உயில் எழுதிவிட்டுப் போன மகானுபாவர், ஜெரமி பெந்தாம் (1748-1832).

பயன்பாட்டுவாதம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்கவேண்டும். அதான் நேரில் தரிசனம் :-)

பெந்தாமின் கொள்கை ரொம்ப சிம்பிள். இன்பம் கூடினால் நல்லது, துன்பம் கூடினால் கெட்டது. இன்பத்தை எப்படி அளப்பதாம்? 1789-ல் வந்த புத்தகத்தில் ஏழு அளவுகோல் தருகிறார். எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், நிச்சயமா கிடைக்குமா, சீக்கிரம் கிடைக்குமா, மேலும் இன்பம் தருமா, துன்பம் கலக்காததா, எத்தனை பேருக்கு. அவ்வளவுதான். ஒசத்தி, மட்டம் என்ற பேச்சே இல்லை. ஒரே அளவு இன்பம் தந்தால், பசங்க விளையாடும் குண்டூசி விளையாட்டும் கவிதையும் அவருக்கு ஒண்ணுதான்.

அட, நம்ம கட்சி! என்று குதித்தேன். காரணம் இருக்கிறது. குடோன் வேலை முடிந்து ரூமுக்கு வந்தால், போனில் வடிவேலு காமெடி துண்டுகள். ஒன்று, இன்னொன்று என்று மூணு மணி நேரம் போயிடும். உடனே கிடைக்கும், நிச்சயம் சிரிப்பு வரும், பைசா செலவில்லை. அப்பா பெட்டியில் வைத்து அனுப்பிய நாவலோ எட்டு மாசமாக 43-ம் பக்கத்தில் நிற்கிறது. ஞாயித்துக்கிழமை போனில் அப்பா கேட்பார், "எதுவரைக்கும் வந்திருக்கடா?" நான் ஏதோ ஒரு நம்பர் சொல்லி சமாளிப்பேன்.

அடுத்து ஜான் ஸ்டூவர்ட் மில் (1806-1873). அப்பா ஜேம்ஸ் மில், பெந்தாமின் சீடர். பையனுக்கு மூணு வயசில் கிரேக்கம், எட்டு வயசில் லத்தீன்! இருபது வயசில், 1826-ல், பையன் தன்னையே ஒரு கேள்வி கேட்டான். நீ ஆசைப்படும் சீர்திருத்தம் எல்லாம் நடந்துவிட்டால் சந்தோஷமா இருப்பியா? இல்லை என்று பதில் வந்தது. ஆள் இடிந்துபோனார். 1828-ல் அவரைத் தேற்றியது வேர்ட்ஸ்வொர்த் கவிதைகள். குண்டூசி இல்லை, கவிதை!

பின்னாளில், 1861-ல், இன்பத்தில் அளவு மட்டுமில்லை, தரமும் உண்டு என்று எழுதினார். தரத்தை யார் சொல்வது? இரண்டையும் அனுபவித்தவர்கள். அவர்கள் எதை விடமாட்டார்களோ அதுவே உயர்ந்தது.

இதை ரூம்மேட்டிடம் சொன்னேன். "டேய், நாவலும் தெரியும், வடிவேலும் தெரியும். நீயே வடிவேலைத்தானே பாக்குற? அப்ப அதுதான் ஒசத்தி, கட்டுரையை முடி!" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் மில் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். உயர்ந்ததை ரசிக்கும் திறன் ஒரு இளஞ்செடி மாதிரி. செய்யும் வேலையும் வாழும் சூழலும் தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடிவிடும். அப்புறம் மட்டமானதை நாம் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, ரசிக்க முடிவது அது மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. இந்த இடத்தை மூணு தடவை படித்தேன். காலேஜ் ஹாஸ்டலில் ரெண்டே ராத்திரியில் நாவல் முடித்தவன் நான்.

மில்லிடம் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 வருஷம், லண்டனில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். இந்தியா பக்கம் வந்ததே இல்லை. எங்க பாட்டி திண்ணையில் தாயம் ஆடுவதைப் பார்த்தால் எந்தத் தட்டில் வைப்பாரோ? அவர் விதிப்படியே, தாயம் ஆடாதவருக்கு அதில் ஓட்டு இல்லை. அடுத்தவர் சந்தோஷத்தை மட்டம் என்று சொல்ல நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தகுதி கிடையாது.

ஆனால் என் சந்தோஷத்துக்கு நீதிபதி நான்தானே?

நேற்று ராத்திரி போனை சமையலறையில் வைத்துவிட்டு 11 பக்கம் படித்தேன். முதல் நாலு பக்கம் செம கஷ்டம். பெந்தாம் கணக்கில் நஷ்டம்தான். வடிவேலுவையும் விடப்போவதில்லை.

வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவிடம் நிஜ நம்பரையே சொல்லலாம். 54.