செட்-டாப் பாக்ஸின் மென்பொருளைப் பென்டிரைவ் மூலம் புதுப்பிப்பது எப்படி?

புனே: தொலைக்காட்சியில் சில சேனல்கள் திடீரென மறைந்துவிட்டாலோ, ரிமோட்டுக்கு செட்-டாப் பாக்ஸ் தாமதமாக இயங்கினாலோ, பெட்டி பழுதாகிவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். பல நேரங்களில் பெட்டிக்குள் பதிந்துள்ள 'ஃபார்ம்வேர்' எனப்படும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தாலே போதுமானது. எனினும், அவசரப்பட்டுச் செய்தால் நல்ல பெட்டியும் பயனற்றதாகிவிடும்.

கட்டண டிடிஎச் நிறுவனங்களின் பெட்டிகளுக்குப் புதிய மென்பொருள் செயற்கைக்கோள் வழியாகவே அனுப்பப்படுகிறது. பென்டிரைவ் தேவைப்படுவது பெரும்பாலும் பிரசார் பாரதியின் 'டிடி ஃப்ரீ டிஷ்' போன்ற இலவசச் சேவைகளுக்காகக் கடையில் வாங்கப்படும் பெட்டிகளுக்குத்தான். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கப்பட்ட இச்சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. புனேயின் கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதன் வழியாக டிடி தமிழ் சேனலைக் காண முடியும்.

முதலில் ஆன்டெனாவைச் சரிபார்ப்பது நல்லது. இச்சேவையை வழங்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் உள்ளது. புனேயில் டிஷ் தென்கிழக்கு நோக்கி, அடிவானத்திலிருந்து சுமார் 59 டிகிரி உயரத்தைப் பார்த்திருக்க வேண்டும். சென்னையில் இது சுமார் 68 டிகிரி. கனமழையின்போது கேயூ அலைவரிசை சிக்னல் வலுவிழப்பதும் இயல்பே. மழை நின்றதும் படம் திரும்பிவிட்டால் மென்பொருளைத் தொட வேண்டியதில்லை.

புதுப்பிக்க முடிவு செய்தால், மெனுவில் உள்ள தகவல் பக்கத்தில் மாடல் எண், வன்பொருள் பதிப்பு, தற்போதைய மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான இரு பெட்டிகளுக்குள் வெவ்வேறு சிப்கள் இருக்கக்கூடும். ஒன்றுக்குரிய கோப்பை மற்றொன்றில் ஏற்றினால் பெட்டி மீண்டும் இயங்காமல் போகலாம். எனவே தயாரிப்பாளர் வழங்கும் கோப்பையே பயன்படுத்த வேண்டும். கட்டணச் சேனல்கள் இலவசமாகக் கிடைக்கும் என்ற வாக்குறுதியுடன் பரவும் கோப்புகளைத் தவிர்க்க வேண்டும். அது சட்டவிரோதம் என்பதுடன், பெட்டிக்கும் ஆபத்து.

பென்டிரைவை 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்து, கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் நேரடியாக நகலெடுக்க வேண்டும். 'என்டிஎஃப்எஸ்' முறையைப் பல பெட்டிகளால் படிக்க இயலாது. ஜிப் வடிவில் வந்த கோப்பைப் பிரித்த பிறகே பயன்படுத்த வேண்டும். பின்னர் பெட்டியின் மெனுவில் யூஎஸ்பி வழி மேம்படுத்தும் பகுதிக்குச் சென்று கோப்பைத் தேர்வு செய்யலாம்.

அடுத்த சில நிமிடங்கள்தான் முக்கியமானவை. பெட்டி தனது ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள பழைய மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். பாதியில் மின்சாரம் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் முழுமை பெறாது. அவ்வாறு முடங்கிய பெட்டியை மீட்க, பழுதுநீக்குபவர் சிறப்புக் கருவி கொண்டு நினைவகத்தில் மீண்டும் எழுத வேண்டியிருக்கும். இடி, மழை நாட்களில் இப்பணியைத் தள்ளிவைப்பதோ, இன்வெர்ட்டர் இணைப்பில் செய்வதோ பாதுகாப்பானது. பெட்டி தானாக மறுதொடக்கம் ஆகும்வரை பென்டிரைவை எடுக்கக் கூடாது. அதன்பின் சேனல்களை மீண்டும் தேட வேண்டும். பழைய பட்டியல் அழிந்திருக்கலாம்.

புதிய மென்பொருளால் எல்லாச் சேனல்களும் வந்துவிடாது. எம்பெக்-2 ஒளிபரப்பை மட்டுமே கையாளும் சிப் கொண்ட பழைய பெட்டியில் எம்பெக்-4 சேனல்கள் தெரியாது. அதற்கு எம்பெக்-4 வசதியுள்ள புதிய பெட்டியே வாங்க வேண்டும்.